மூன்றாவது முறை போன வீடு

மாவு மில் ஓடுகிற சத்தம் எல்லாருக்கும் தெரியும். அது நிற்கிற சத்தத்தை யாரும் கவனிப்பதில்லை. மின்சாரம் போனதும் உடனே நின்றுவிடாது. பெல்ட் இழுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் போகும், தேயும், தயங்கும், கடைசியில் பெரிதாக ஒரு மூச்சு விட்டு அடங்கும். அதற்கப்புறம் தெருவில் ஒளிந்துகொள்ள இடமே இருக்காது. அதுவரை மில்லின் இரைச்சலுக்குள் புதைந்து கிடந்த குரல்களெல்லாம் நடுவெயிலில் வந்து நிற்கும். போன வாரம் எங்கள் தெருவில் அப்படித்தான் மில் நின்றது. பக்கத்து வீட்டில் உரக்கப் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண், தன் குரல் தனக்கே கேட்டுப் பயந்து, பாதிப் பேச்சில் நிறுத்தினாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் ரயில்வே கேட் வரைக்கும் நடந்தேன்.

புதிதாகக் களப்பணிக்கு வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வயசு ஆகும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு ஓடி வந்தவனிடம் கேட்கிறார்கள். கேள்வியை எந்த வரிசையில் கேட்பது, பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது அந்த வகுப்பில் இல்லாதது. ஒரு பவர்லூம் கொட்டகையில், தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றுபோன ஒரு மத்தியானம்.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்குகிற சமயம். பல நாடுகளில் ஒரே நேரத்தில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பள்ளிப் படிப்பைத் தாண்டி ஆண்கள் எவ்வளவு படித்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பனி கொட்டுகிற நாட்டில் எத்தனை பேர், எண்ணெய் எடுக்கிற நாட்டில் எத்தனை பேர், நம் நாட்டில் எத்தனை பேர். எல்லா நாட்டு ஆண்களையும் ஒரே சுவரில் சாத்தி நிற்கவைத்து, தலைக்கு மேல் கோடு கிழித்து உயரம் பார்ப்பது மாதிரி. எனக்கு விழுந்தது திருத்தணிப் பக்கம். மலையடிவாரத்தில், காவடி கொண்டுவருகிறவர்கள் தங்குகிற வரிசையில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து ஆபீஸ் என்று பெயர் வைத்தோம். ஆடிக் கிருத்திகை வந்தால் அறைக்குள் நுழையவே முடியாது. மேசையில் ஏறி யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் ஆண்களை மட்டும் கேட்கிறோம் என்று எங்களுக்கே சரியாகத் தெரியாது. பல நாடுகளில் பெண்களைப் பற்றிய கணக்கே இல்லை, அதனால் முதலில் ஆண்கள் என்று சொன்னார்கள். ஆர்.கே.பேட்டையில் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா, ராட்டினத்திலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள், எங்கள எப்போ சார் கேப்பீங்க என்று. அடுத்த கட்டத்தில் என்றேன். அவள் சிரித்துவிட்டாள். படிச்ச ஆம்பளைங்களுக்கே இன்னா செய்யறதுன்னு தெரியாம சுத்திக்கினு இருக்காங்க, எங்கள கேட்டு வேற ஏன் துட்ட செலவு பண்றீங்க என்றாள். அதை எழுதுவதற்குக் கேள்வித்தாளில் இடமில்லை. 

எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குக் கோபம் வரும். எந்நேரமும் கக்கத்தில் ஒரு குடை. வெயிலிலும் விரிக்க மாட்டார், மழையிலும் விரிக்க மாட்டார். ஒருநாள் திருவாலங்காட்டில் ஒரு கரும்பு விவசாயி வீட்டுக்கு அவரோடு போனேன். இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ரயிலேறிக் கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படித்தவன். இளையவன் வளர்ந்து வந்தபோது பி.யூ.சி.யை எடுத்துவிட்டு, அந்தப் படிப்பைப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொண்டுவந்து பிளஸ் டூ ஆக்கியிருந்தார்கள். கூட்டிப் பார்த்தால் இரண்டு பேரும் படித்த வருஷம் ஒன்றுதான். ஆனால் எங்கள் கணக்கில் மூத்தவன் பள்ளியைத் தாண்டியவன், இளையவன் தாண்டாதவன். தகப்பனார் வெல்லப்பாகு ஒட்டியிருந்த கையைத் துடைத்துக்கொண்டே, ஒரே வூட்டு சோத்த தின்னுட்டு ஒரே அளவு படிச்சதுங்க, அது எப்படிங்க ஒண்ணு மேல ஒண்ணு கீழ என்று கேட்டார். மூத்தவன் தம்பியைப் பார்த்து, நான் காலேஜுடா, என்று மீசையைத் தடவினான். தம்பி எழுந்து போய்விட்டான். விளையாட்டுதான். இருந்தாலும் அவன் போன விதம் விளையாட்டாக இல்லை.

வெளியே வந்ததும் மேற்பார்வையாளர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வீட்டுக்குள்ளேயே ஒத்துப்போகாத கணக்கை நாட்டுக்கு நாடு எப்படி ஒத்துப்பார்ப்பது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"கோடு போடறவன் எங்கியோ உக்காந்து போட்டுட்டுப் போயிடறான். அந்தக் கோட்ட தூக்கிக்கினு வந்து ஒருத்தன் வூட்டு நடுவுல வெக்கிறது யாருய்யா? நாமதான?"

அப்போது அது வெறும் அலுப்பு என்று நினைத்தேன். நீங்கள் அப்படி நினைக்காதீர்கள்.

இப்போது எங்கள் வேலையில் இருந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. ஆண்கள் தங்கள் படிப்பைக் கூட்டிச் சொல்வார்கள் என்பது எல்லா நாட்டுக்காரர்களுக்கும் பொதுவாக இருந்த சந்தேகம். அதனால், பள்ளியைத் தாண்டிப் படித்தேன் என்று சொல்கிறவன் வீட்டுக்கு மட்டும் சில மாதம் கழித்து இன்னொரு ஆள் போவார். முதல் பதில் தெரியாத ஆள். அதே கேள்வியை மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவதாக ஒருவர் போய் எது உண்மை என்று தீர்த்துவிட்டு வர வேண்டும். பள்ளிக்கூடத்தோடு நின்றவன் வீட்டுக்கு இரண்டாவது முறை யாரும் போவதில்லை. படிப்பைக் குறைத்துச் சொல்கிற ஆண் உலகத்தில் எங்கேயும் இருக்க மாட்டான் என்று அவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஊருக்கு இதெல்லாம் நாங்கள் சொல்லவில்லை. ஊர் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டது. எங்கள் ஜீப் ஒரு வீட்டு வாசலில் இரண்டாவது தடவை நின்றால், அங்கே ஒரு காலேஜ் படிப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத் தரகர், பெண் வீட்டுக்காரர்களிடம், சர்ட்டிபிகேட்ட பாத்து இன்னா பண்றது, ஜீப்பு ரெண்டாம் தரம் வந்த வூடு அது, என்று சொல்லி ஒரு சம்பந்தத்தையே முடித்துவிட்டாராம். அதைக் கேட்டு நாங்கள் ஆபீஸில் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அம்மையார்குப்பத்து ஆளின் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர். பி.எஸ்.சி., பிசிக்ஸ். முதல் தடவை நான்தான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் கறுப்பு அங்கியும் கையில் சுருட்டிய காகிதமுமாக அவர் படம் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே தறிக்குழிக்குள் அவருடைய நைனா உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். நான் மகனிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பனே பதில் சொன்னார். தறியில் நாடா ஓடுவதும் நிற்பதுமாக, ஆங், பி.எஸ்.சி.தான், பஷ்ட் கிளாஸு, என்றார். ஏகாம்பரம் எனக்கு டீ வாங்கி வந்து கொடுத்தார். எந்தெந்த நாட்டில் இந்தக் கணக்கு எடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. காத்திருப்பது அப்போது அவருக்குப் பழகியிருக்கவில்லை, அதனால் முகம் தெளிவாக இருந்தது.

இரண்டாவது தடவை வேறொருவர் போனார். அவர் கொண்டுவந்த பதில்: எட்டாம் வகுப்பு.

சென்னை ஆபீஸ் கொதித்தது. பட்டப்படிப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு ஒருவன் எப்படி இறங்க முடியும்? எங்களுக்குக் கொடுத்திருந்த விதிமுறையில் தெளிவாகவே இருந்தது: ஒருவருடைய படிப்பு கூடலாம், குறையாது. மேற்பார்வையாளர், அந்த வீட்டையே கணக்கிலிருந்து விட்டுவிடலாம் என்று எழுதினார். ஏற்கெனவே நிறைய வீடுகளை விட்டாயிற்று, இனி விட முடியாது, மற்ற நாடுகளெல்லாம் கொடுத்துவிட்டார்கள், நம் நாட்டுக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் குடையை மேசைமேல் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் போகச் சொன்னார். ஜீப் வேண்டாம், டவுன் பஸ்ஸில் போ என்றார். போய், உன் மனசுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதை எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றும் சொன்னார். அந்த மாதிரி ஒரு மேலதிகாரி உங்களுக்குக் கிடைத்தால் பயப்படுங்கள். தப்பிக்க விதியின் நிழல்கூட மிச்சம் வைக்க மாட்டார்கள்.

போனேன். பஸ்ஸில்தான் போனேன். எங்கள் கணக்கெடுப்பின் நீலப் பையைக்கூட ஆபீஸில் வைத்துவிட்டு, ஒரு துணிப்பையில் காகிதத்தைப் போட்டுக்கொண்டு போனேன். என்ன பயன்? தெருமுனையில் வேட்டி சலவைக்குப் போட வந்த ஆள் என் முகத்தைப் பார்த்ததும், படிப்புக் கணக்கு சார் வந்துட்டாரு, என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் அந்தப் படம் இல்லை. ஆணி இருந்தது. ஆணியைச் சுற்றி மட்டும் சுவர் வெளுப்பாக இருந்தது. தறிக்குழி மேல் பலகை போட்டு மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். நைனாவுக்குக் கண் மங்கிப்போய் ஒரு மூலையில் படுத்திருந்தார். ஏகாம்பரத்தின் மனைவி நிறைமாசம். என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கதவைப் பாதி சாத்தினாள். அவர் பவர்லூம் ஷெட்டுல இருக்காரு, ராத்திரிதான் வருவாரு என்றாள். நான் உட்கார்ந்து காத்திருப்பதாகச் சொன்னேன். எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர், பிறகு நான்கு பேர் கூடி நிற்பது தெரிந்தது. அவளும் பார்த்தாள்.

சிறிது நேரத்தில் அவளுடைய தம்பி பாலு வேர்க்க வேர்க்க வந்தான். அக்கா புருஷனைப் பாவா என்று கூப்பிடுகிறவன், கல்யாணமானவன், அதே ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். நான் வந்த செய்தி எனக்கு முன்னால் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"பாவா உங்கள அங்கியே வரச்சொன்னாரு சார். இங்க உக்காந்தா தெருவே காத வெச்சுக்கினு நிக்கும். தறி ஓடறப்போ பக்கத்துல நின்னு பேசினாலும் யாருக்கும் இன்னாவும் கேக்காது."

அவன் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. ஒரு மனிதனிடம் தனியாகப் பேசுவதற்கு இரைச்சலைவிட நல்ல சுவர் எது?

ஷெட்டுக்குள் போனதும் காதுக்குள் ஆணி அறைவது மாதிரி இருந்தது. இரண்டு வரிசையாகத் தறிகள், லுங்கி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுத்தூசி காற்றில் மிதந்து எல்லார் தலையையும் கிழவன் தலை ஆக்கியிருந்தது. ஏகாம்பரத்தை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கையசைத்தார். ஒரு கை தறியில் இருக்க, வாயை என் காதருகே வைத்துக் கத்தினார். கத்தினாலும் எனக்கு ரகசியம் மாதிரித்தான் கேட்டது.

நைனாவுக்குக் கண் போனது, நூல் வருவது நின்றது, வீட்டில் உலை வைப்பதே பாடாகிப்போனது, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னார். எந்த ஷெட்டிலும் படித்தவனைச் சேர்க்க மாட்டார்கள். இந்த ஷெட்டில் முன்பு பி.ஏ. படித்தவன் ஒருவன் வேலை பார்த்திருக்கிறான். இன்டர்வியூ கார்டு வந்த அன்றைக்குப் பாவு பாதி நெய்திருக்கும்போதே தறியை விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வரவேயில்லை. அதற்கு முன்னால் இருந்த இன்னொருவன், தொழிலாளர் ஆபீஸுக்கு மனு எழுதிப் போட்டுவிட்டான். அதிலிருந்து, காலேஜு வாசனையே ஆவாது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். பாலுதான், எங்க பாவா எட்டாவதுங்க, பொறுமையான ஆளுங்க என்று சொல்லிச் சேர்த்துவிட்டான். இப்போது எட்டாவது என்றால் எட்டாவதுதான். வீட்டில், கடையில், யார் கேட்டாலும் எட்டாவது. படத்தைக் கழற்றியாயிற்று. தெருவில் விஷயம் தெரிந்தவர்களும் ஷெட்டுப் பக்கம் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஆளிடமும் அதையேதான் சொன்னார், ஏனென்றால் அவர் வந்தபோது வாசலில் ஷெட்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எட்டாவதுன்னே எழுதிடுங்க சார். உங்க காயிதத்துலயும் அதுவே இருந்துட்டா யாரும் திரும்பி வரமாட்டீங்க இல்ல. எனக்கு அது போதும்."

இந்த இடத்தில் நின்று பாருங்கள். விதி ஒரு பக்கம் இருக்கிறது: படிப்பு குறையாது. அது பொய்யுமல்ல. அவர் மூளையில் இருந்த பிசிக்ஸை யாரும் துடைத்துவிடவில்லை. இன்னொரு பக்கம் ஒரு பானை அரிசி, ஒரு நிறைமாசம், மங்கிய கண். நம் மேசையில் இவை இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கற்றுக்கொடுப்பதில்லை. நான் பேனாவை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அவர் அறுந்த ஒரு இழையை முடிந்து, தறியைத் தட்டிவிட்டு, மறுபடியும் என் காதுக்கு வந்தார். அந்த நாட்டுலெல்லாம் என்னை மாதிரி படிச்சவன் என்ன சார் வேலை செய்யறான் என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அத்தனை நாடுகள், அத்தனை கேள்விகள், அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. எவ்வளவு படித்தான் என்பதோடு எங்கள் கேள்வித்தாள் முடிந்துவிடும். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அப்போதுதான் மின்சாரம் போனது.

எல்லாத் தறிகளும் ஒரே மூச்சில் தேய்ந்து, தயங்கி, நின்றன. பஞ்சு மட்டும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. என் வாய் ஏகாம்பரத்தின் காதருகிலேயே இருந்தது. ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்பக்கம் நூல்கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த முதலாளிக்கு, தறி நின்றுவிட்டதால் வேறு வேலையில்லை. எழுந்து மெல்ல நடந்து வந்தார். கெட்டவரென்று அவரை நான் சொல்ல மாட்டேன். எங்கள் முதல் சுற்றில் அவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன், மோர் கொடுத்து உபசரித்தவர்.

"இன்னா சார், எங்க இந்தப் பக்கம்?" என்றார்.

சும்மா, ஒரு சின்ன விளக்கம் கேட்க வந்தேன் என்றேன். யாருகிட்ட என்று கேட்டார். நான் சொல்லும் முன்பே ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"எங்க வூட்டுக்கு ஒரு தரம் வந்தீங்க. நான் மூணாவது. எழுதிக்கினு போனீங்க, அத்தோட சரி. இந்த பாலு எட்டாவது. இவன் வூட்டுக்கும் ஒரு தரந்தான் வந்தீங்க. ஏகாம்பரமும் எட்டாவதுதான? இவன மட்டும் தேடிக்கினு ஷெட்டு வரைக்கும் ஏன் சார் வரீங்க?"

பாலு ஏதோ சொல்ல வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். இவன் என்ன படித்திருக்கிறான் என்று என்னை நேராகக் கேட்டார். ஒருவர் பதிலை இன்னொருவரிடம் சொல்லக்கூடாது என்பது நம் தொழிலின் முதல் விதி. அதைத்தான் சொன்னேன். சொல்றதுக்கில்லீங்க என்றேன். அந்த அமைதியில் அது எப்படி விழுந்தது தெரியுமா? எட்டாவது என்றால் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. விதி ஒரு எழுத்தும் பிசகாமல் காப்பாற்றப்பட்டது, ஆள் அகப்பட்டுக்கொண்டார். சரி, எட்டாவதுதாங்க என்று பொய் சொல்லியிருந்தால்? எத்தனையோ இரவு அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதுவும் நிற்காது. அவர் எட்டாவது என்றால் நான் அங்கே வந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை. என் வாயிலிருந்து எது வந்தாலும் ஒன்றுதான், என் கால்கள் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டிருந்தன.

முதலாளி ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். அதுவரை அவரை டா போட்டுத்தான் பேசியிருப்பார். குரல் மாறியது.

"இன்னா படிச்சிருக்கீங்க?"

அந்த 'ங்க' வந்ததும் பாலு தலையில் கைவைத்துத் தரையில் குந்திவிட்டான்.

"பி.எஸ்.சி.," என்றார் ஏகாம்பரம்.

"பாஸா?"

"ஆங்."

முதலாளி அவர் கை தறிமேல் இருப்பதைப் பார்த்தார். பிறகு, தறி மேலேருந்து கைய எடுங்க சார், என்றார். ஏளனம் இல்லை. உண்மையான மரியாதை. அதனால்தான் அதற்கு எதிராக ஒன்றும் செய்ய முடியவில்லை. பாலு கெஞ்சினான். அக்காவுக்கு மாசம் என்றான், பாவா எங்கியும் ஓடமாட்டாரு, நான் ஜவாப்தாரி என்றான். படிச்சவர வெச்சுக்கினு லுங்கி ஓட்ட வெச்சா எனக்குப் பாவம்பா, என்றார் முதலாளி. அதோடு, நாளைக்கு ஒரு கார்டு வந்தா இவரு போவாம இருப்பாரா, நீ இருப்பியா, நான் இருப்பேனா என்று கேட்டார். ஏகாம்பரம், கார்டு வராதுங்க, என்றார். மிக மெதுவாகச் சொன்னார். தறிகள் ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

மின்சாரம் வந்தது. ஒவ்வொரு தறியாகக் கிளம்பியது. ஏகாம்பரத்தின் தறி மட்டும் சும்மா நின்றது. முதலாளி அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, பாலு, இதையும் நீயே சேத்துப் பாத்துக்கோ, என்றார். பாலு தன் பாவாவின் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போய் அந்தத் தறியைத் தட்டிவிட்டான். அவனுக்கும் வீடு இருக்கிறது.

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் எடுத்துக் கொடுப்பது? எனக்கு வழக்கமாகக் கிடைக்கிற மாதிரி ஒரு பாடம் இதில் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். கேள்வி கேட்பதற்கு முன்பே நீங்கள் ஒரு பதிலோடு போய் நிற்கிறீர்கள். எந்த வீட்டுக்குப் போகிறோம், எந்த வீட்டுக்குப் போகவில்லை என்பதை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. ரகசியம் காப்போம் என்று தாளின் மேல் அச்சடித்திருப்பதைக் காட்டாதீர்கள். நம் நடை ரகசியம் காப்பதில்லை. யாரை இரண்டாவது தரம் பார்ப்பது என்று மேலே யாரோ தீர்மானிக்கும்போது, எழுந்து நின்று கேளுங்கள். கேட்கத் தெரிந்திருந்தும் நான் கேட்காமல் விட்டேன் என்று சொல்ல வரவில்லை. அப்படிக் கேட்கலாம் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை. ஜீப்பையும் தரகரையும் நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

வெகுநாள் கழித்துப் புத்தகம் வந்தது. வழுவழுப்பான தாள், நல்ல எடை. ஒரு பக்கத்தில் நாட்டுக்கு ஒரு கோடாக நிறுத்தியிருந்தார்கள். சில நாட்டுக் கோடுகள் பக்கத்தின் உச்சி வரைக்கும் போயின. நம்முடையது அடியில், புல் முளைத்த மாதிரி. கோடு குட்டையாக இருப்பதைப் பற்றி உள்ளே விரிவாக வருத்தப்பட்டிருந்தார்கள், இன்னும் நிறைய ஆண்கள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இருக்கலாம். அந்தப் புல்லுக்குள் ஒருவன் நின்றுகொண்டு, தன் உயரத்தைக் குறைத்துக்கொள்ளக் கெஞ்சினான் என்பது அதில் எங்கேயும் இல்லை. எங்கள் கோட்டில் எத்தனை ஏகாம்பரம்? உச்சிக்குப் போன கோடுகளில் எத்தனை? மேற்பார்வையாளர் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்லா அச்சடிச்சிருக்கான்யா, என்றார். அடுத்த மாதம் கணக்குப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் இன்னும் சில வருஷம் ஊர் ஊராகச் சுற்றினேன். பிறகு என்னாலும் முடியவில்லை.

அன்றைக்கு ஏகாம்பரம் என்னோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார். வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. இப்போது வீட்டுக்குப் போக முடியாது, போனால் சொல்ல வேண்டும் என்றார். தலையில் பஞ்சு அப்படியே இருந்தது. இரண்டு பேரும் வெயிலில் நின்றோம். தூரத்தில் ஷெட்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் தறியும் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்.கே.பேட்டை பஸ் திரும்புவது தெரிந்ததும் நான் காகிதத்தை வெளியே எடுத்து, விதி எப்படிப் போனாலும் போகட்டும், நீங்கள் கேட்டபடி எட்டாவது என்றே எழுதிவிடுகிறேன் என்றேன். மேலே கையெழுத்துப் போடவும் ஆள் இருக்கிறார் என்றேன். அவர் என் பேனாவின் மேல் கையை வைத்தார். விரலெல்லாம் எண்ணெய்.

"வாணாம் சார். அது வேலைக்காகக் கேட்டது. அதுதான் போயிட்ச்சே, இனிமே எதுக்கு எட்டாவது? பி.எஸ்.சி.ன்னே போட்டுடுங்க. எனக்குத்தான் அது ஒண்ணுத்துக்கும் ஆவல. அங்க யாரோ நாடு நாடா எண்ணிக்கினு இருக்காங்கன்றீங்களே, அவங்க கணக்குலயாச்சும் ஒண்ணு கூடட்டும்."